வெயிலுக்கும் காற்றுக்கும் உரிமைத்தொகை

ஓர் ஆற்றை மறித்து நீர்மின் நிலையம் கட்டினால், உற்பத்தியாகும் மின்சாரத்தில் 12 சதவீதத்தை அந்த மாநிலத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டில் நெடுங்காலமாக உள்ள நடைமுறை. 2008-ல் வந்த நீர்மின் கொள்கை, இதற்கு மேல் இன்னும் ஒரு சதவீதத்தைத் திட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொன்னது. மண்ணைத் தோண்டிக் கனிமம் எடுத்தால் அரசுக்கு ராயல்டி உண்டு. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த ராயல்டியில் 10 முதல் 30 சதவீதம் வரையிலான தொகையைத் தனியாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டவும் வழிசெய்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்காகச் செலவழிக்க வேண்டிய பணம் அது. செலவழிக்கும் லட்சணம் ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்தாக வேண்டும் என்ற கடமையாவது எழுத்தில் இருக்கிறது.

காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுத்து விற்றால்? அந்த ஊருக்கு இவ்வளவு சேர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான விதி எதுவும் கிடையாது. நிலத்தை விற்றவருக்கு விலை கிடைக்கும், குத்தகைக்கு விட்டவருக்குக் குத்தகை கிடைக்கும். மற்றவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் உரிமைதான். நிறுவனம் மனம்வைத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குடிநீர்த் தொட்டி வரும், அதில் நிறுவனத்தின் பெயர் தொட்டியைவிடப் பெரிதாக இருக்கும்.

நிலக்கரியை விட்டு மாற்று எரிசக்திக்குப் போவதா வேண்டாமா என்பது இனி விவாதப் பொருளே அல்ல. போய்க்கொண்டிருக்கிறோம். போகிற வழியில் கிராமம் பங்காளியா, வெறும் நிலம் கொடுக்கும் இடமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. பிறகு ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, சுரண்டை, உடுமலை, பல்லடம், தேனி என்று கணவாய்க் காற்று வீசும் இடமெல்லாம் பரவியது. இன்று காற்றாலைகளின் நிறுவுதிறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்த ஆலைகளில் கணிசமானவை கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்குச் சொந்தம். குமரி எல்லையில் சுழலும் இறக்கை கொங்கு நாட்டில் கதிர் சுற்ற வைக்கிறது. அதில் தவறு இல்லை. நூற்பாலை ஓடினால் தொழிலாளிக்கும் வேலை. ஆனால் அந்த முதலீடு முழுக்க முதலாளியின் துணிச்சல் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1990-களில் காற்றாலை வாங்கிய செலவு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. பின்னர் அது 80 சதவீதமானது, 2017-ல் 40 ஆகக் குறைந்தது. காற்று அடித்ததோ இல்லையோ, வரி மிச்சமானது. அந்த மிச்சம் பொதுப்பணம்தான். முதலாளிக்கு அவ்வளவு விட்டுக்கொடுத்த அரசுக்கு, கம்பம் நட்ட ஊருக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா கேட்கத் தோன்றவில்லை.

சூரிய மின்சாரம் வந்தபோதும் அதே கதைதான், அளவு மட்டும் பெருத்துவிட்டது. காற்றாலைக்குக் கம்பம் நிற்கும் இடமும் பாதையும் போதும். சுற்றிலும் உளுந்தோ மக்காச்சோளமோ விதைக்கலாம். சோலார் தகடு அப்படி இடம் கொடுக்காது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஆறு ஏக்கர் வரை போய்விடும், சுற்றிலும் வேலி, வாசலில் வாட்ச்மேன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று செய்தி வந்தது. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா தருவதாக மின்வாரியம் ஒப்பந்தம் போட்டிருந்தது. நிலம் என்ன நிலம்? 'தரிசுதானே, சீமைக்கருவேலம்தானே' என்பார்கள்.

அந்தத் தரிசைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரத்தில் கரிமூட்டம் போடுவது சொந்த நிலம் இல்லாதவர்களின் பிழைப்பு. கருவேலத்தை வெட்டி, விறகை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் பரப்பி மண் பூசி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்கில் புகையவிடுவார்கள். எரியக் கூடாது, வேக வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் இரவிலும் பக்கத்திலேயே காவல். புகையின் நிறம் மாறுவதைப் பார்த்தே உள்ளே கரி பதமாகிவிட்டதா என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பிறகு மூட்டம் பிரித்து, ஆற்றி, சாக்கில் கட்டி வியாபாரிக்கு எடை போடுவார்கள். அதே காட்டில் ஆடுகள் கருவேல நெற்றைத் தின்று வளரும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் இது தரிசு. அங்கே மூட்டம் போட்டவரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் கிடையாது. வேலி விழும் அன்று பட்டாதாரருக்கு, அவர் மதுரையிலோ சென்னையிலோ இருந்தாலும், பணம் வந்துசேரும். வெட்டியவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் அறிவிப்புகூட வராது. சீமைக்கருவேலத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நிலத்தடி நீரையும் கண்மாயையும் அது கெடுத்த கதை ஊரறிந்தது. ஆனால் அதை வைத்துப் பிழைத்தவரைக் கணக்கில் சேர்க்காமல் எந்தத் திட்டத்தையும் நியாயமானது என்று சொல்லிவிட முடியாது.

நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுப்பது இதைவிட மேல். அதற்குப் பெயர் பெற்றது கர்நாடகத்தின் பாவகடா. தும்கூர் மாவட்டத்தின் வறண்ட மூலையில், ஐந்து ஊர்களில் 13,000 ஏக்கரை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து 2,050 மெகாவாட் பூங்கா அமைத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கொரு முறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயி பெயரிலேயே நீடிக்கும். மழை பொய்த்து நிலக்கடலை கருகிப்போன ஊருக்கு, மாதம் தவறினாலும் ஆண்டு தவறாத வருமானம். இதைக் குறை சொல்ல முடியுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 13,000 ஏக்கரை 2,050 மெகாவாட்டால் வகுத்தால், ஒரு மெகாவாட்டுக்கு ஆறே கால் ஏக்கருக்குச் சற்று அதிகம். தொடக்கக் குத்தகை சுமார் 1.33 லட்சம் ரூபாய். ஒரு மெகாவாட் சோலார், குறைத்து மதிப்பிட்டாலும் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் தரும். யூனிட் 3 ரூபாய் என்று வைத்தால் 45 லட்சம் ரூபாய். ஆக நூறு ரூபாய் விற்றுமுதலில் நிலத்துக்குப் போவது மூன்று ரூபாய். தகடு, முதலீடு, வட்டி, பராமரிப்பு எல்லாம் கம்பெனியுடையது. நூறில் பாதி கொடு என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மட்டும்தானா என்றுதான் கேட்கிறோம். அந்த மூன்றும் நிலம் உள்ளவருக்கு. களையெடுக்கவும் கடலை பறிக்கவும் போய்க்கொண்டிருந்த கூலிப் பெண்களுக்குப் பூங்காவில் கிடைத்தது தகடு கழுவும் வேலையும் புல் வெட்டும் வேலையும், அதுவும் சிலருக்கு மட்டும். விவசாயம் நின்றால் கூலியும் நிற்கும் என்பதைக் குத்தகைப் பத்திரம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மகாராஷ்டிரம் சற்று மேலே ஏறியிருக்கிறது. 2023-ல் புதுப்பித்த முதலமைச்சர் சூரிய விவசாய மின்பாதைத் திட்டத்தில் குத்தகை ஹெக்டேருக்கு 1.25 லட்சம் ரூபாய், அதாவது ஏக்கருக்கு ஐம்பதாயிரம். ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு. கூடவே நிலையம் அமையும் ஊராட்சிக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் மூன்று ஆண்டுக்கு மானியம். ஊராட்சி என்ற அமைப்புக்கே ஒரு பங்கு என்று ஒரு மாநிலம் எழுதிவைத்தது நல்ல தொடக்கம். நிலையம் இருபத்தைந்து ஆண்டு ஓடும்போது மானியம் ஏன் மூன்று ஆண்டில் நிற்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

பங்கு கேட்பதைவிடச் சொந்தமாகவே வைத்துக்கொண்டால் என்ன? அதையும் தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த ஊராட்சித் தலைவர் சண்முகம், முதலில் விறகு எரிவாயு இயந்திரம் வைத்துப் பார்த்தார். பிறகு 2006-ல், 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரில் வாங்கினார்கள். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். ஓடந்துறையில் காற்று போதாது என்பதால் இயந்திரம் நின்றது உடுமலை பக்கம் மைவாடியில். ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் அளவுக்கு உற்பத்தி. ஊராட்சிக்குத் தேவை 4.5 லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனை அடைத்தார்கள். ஓர் ஊராட்சி மன்றம் வங்கியில் போய்க் கடன் கேட்டு, காற்றாலை வாங்கி, மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட அந்தக் காரியத்தைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உண்டு. வந்து பார்த்துப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பி இதைச் செய்தார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது.

காரணம் ஊராட்சிகளின் சோம்பல் அல்ல. ஓடந்துறைக்கு ஒரு தலைவரும் சேமிப்பும் இருந்தன. மற்ற ஊராட்சிகளுக்கு அதற்கான வழியே போட்டுத் தரப்படவில்லை. ஒரு மெகாவாட் சோலார் அமைக்க இன்று நான்கு கோடி ரூபாய் போல ஆகும். எந்த வங்கி ஊராட்சியை நம்பித் தரும்? தந்தாலும், மின்சாரத்தை வாங்குகிற வாரியம் பெரிய காற்றாலைக்காரர்களுக்கே மாதக்கணக்கில் நிலுவை வைத்த வரலாறு உடையது. தவணை தவறினால் தலைவர்மீது தணிக்கை ஆட்சேபணை வரும். இந்த வம்பு எதற்கு என்று தெருவிளக்கு பல்பு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தெருவிளக்கிலும் சோலார் வந்த கதை தெரிந்ததே. பேட்டரி செத்து, தகட்டில் தூசி படிந்து நிற்கும் கம்பம் இல்லாத கிராமம் அபூர்வம். வாங்கும்போது டெண்டர் விட்டவர்கள், மூன்றாம் ஆண்டு பேட்டரி மாற்ற யாரிடம் போவது என்பதை எழுதிவைக்கவில்லை.

2019-ல் வந்த பிஎம்-குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சிறு நிலையங்களை விவசாயிகளும் கூட்டுறவுகளும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஊராட்சிகளும் தங்கள் தரிசில் அமைத்து மின்சாரத்தை விற்கலாம் என்கிறது. காகிதத்தில் அருமையான பிரிவு. ஆனால் ஆயிரம் ஏக்கரில் போடுகிறவருடைய விலைக்கும் ஐந்து ஏக்கரில் போடுகிறவருடைய விலைக்கும் ஒரே தராசு வைத்தால் சிறியவர் நிற்கமாட்டார். இரண்டாம் பிரிவான தனி சோலார் பம்புசெட்டுக்குத்தான் இங்கே கூட்டம். 60 சதவீத மானியம் கிடைக்கிறது, மின் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் விவசாயி வாங்குகிறார். வாங்கட்டும். ஆனால் தண்ணீர் பாய்ச்சாத நாளில் அந்தத் தகடு சும்மா வெயில் காய்கிறது. பாய்ச்சுகிற நாளிலோ செலவே இல்லாத மின்சாரம் என்பதால் கிணறு வற்றும்வரை ஓடுகிறது.

இதற்குக் குஜராத்தில் ஒரு விடை கிடைத்தது. கேடா மாவட்டத்தின் துண்டி என்ற ஊரில், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, ஆறு விவசாயிகள் 2016-ல் சோலார் பம்பு கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பம்புகளை ஒரே மின்பாதையில் இணைத்து, மிச்சமாகும் மின்சாரத்தை மின் விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 பைசாவுக்கு 25 ஆண்டுக்கு விற்க ஒப்பந்தம். அதற்குப் பதிலாக அவர்கள் மானிய மின் இணைப்பு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். தண்ணீரைச் சேமித்ததற்கென்று நீர் மேலாண்மை நிறுவனம் தனி ஊக்கத்தொகையும் தந்தது. மோட்டாரை ஓட்டினால் தண்ணீர், நிறுத்தினால் பணம். நிலத்தடி நீரைக் காப்பாற்றச் சட்டம் போட்டுச் சலித்த நாட்டில், இந்த ஒரு ஏற்பாடு விவசாயியின் கையையே சுவிட்சுக்குக் கொண்டுபோகிறது. மோட்டாரை நிறுத்துவதற்கு! தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் போகிறது. அந்த உரிமை போராடிப் பெற்றது, அதில் கைவைக்கச் சொல்லவில்லை. இலவசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, விரும்புகிற விவசாயி கூடுதலாக விற்பவராகவும் ஆகலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் போதும்.

வீட்டுக்கூரைத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நகரத்து மாடி வீட்டுக்கு நல்ல பேரம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உள்ள மாநிலத்தில், ஓட்டு வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓட்டுகிற குடும்பத்துக்குக் கட்டணமே வராதபோது மிச்சப்படுத்த என்ன இருக்கிறது?

ஆகவே கிராமத்துக்குப் பலன் சேர வேண்டுமானால் அது கூரை வழியாக வராது, உற்பத்தியாகும் யூனிட் வழியாகத்தான் வரும். டென்மார்க் 2009-ல் போட்ட சட்டம், புதிய காற்றாலையின் பங்கில் 20 சதவீதத்தை நாலரை கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. ஜெர்மனியில் சுற்றுவட்டார ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் ஏலத் திட்டத்தில் 50 கிலோமீட்டர் சுற்றளவு மக்களுக்குக் குறைந்தது 2.5 சதவீதம் உடைமையும், வருவாயில் ஒரு பங்கும் ஒப்பந்த நிபந்தனை. அங்கே ஒரு பாடமும் உண்டு. ஊர் அறக்கட்டளைகள் கடன் வாங்கிப் பங்கு வாங்கியதால், முதல் பல ஆண்டுகள் ஈவுத்தொகை கடனுக்கே போய், ஊர்க்காரர் கைக்குச் சொற்பமே வந்தது. அதனால் நம் ஊருக்கு உடைமைப் பங்கைவிட யூனிட் கணக்கில் தருவதே முதலில் பொருந்தும். லாபமா நட்டமா என்று கம்பெனிக் கணக்கைத் துருவ வேண்டியதில்லை. மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

யூனிட்டுக்கு 5 பைசா என்று வையுங்கள். கமுதி அளவுள்ள 648 மெகாவாட் நிலையம், மெகாவாட்டுக்கு 15 லட்சம் யூனிட் என்றால், ஆண்டுக்கு 97 கோடி யூனிட். அதில் 5 பைசா என்பது நாலே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு அலைகிற ஊராட்சிகளுக்கு இது சாதாரணப் பணம் அல்ல. ஒரு பகுதியைக் கிராம சபை பொதுக்காரியத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். மறுபகுதியை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுக்கலாம். பட்டாவை வைத்துப் பிரிக்காமல் ரேஷன் கார்டை வைத்துப் பிரித்தால், கரிமூட்டம் போட்டவர் வீட்டுக்கும் வரும்.

மின்சார விலை ஏறிவிடும் என்பார்கள். 2016-ல் 7 ரூபாய்க்கு வாங்கிய சூரிய மின்சாரம் சில ஆண்டுகளிலேயே ஏலத்தில் 3 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. இந்த இறக்கத்தில் 5 பைசா எங்கே தெரியப்போகிறது? ஊராட்சியில் பணம் கொடுத்தால் தலைவர் சுருட்டிவிடுவார் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனதே, அதைவிடவா? தலைவர் சுருட்டினால் கிராம சபையில் எழுந்து நின்று கேட்க ஓர் ஆளாவது இருப்பார்.

இதையெல்லாம் செய்ய இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் கிழடு தட்டிவிட்டன. மாநிலத்திலேயே நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவை அவைதாம். அவற்றைக் கழற்றிவிட்டு, பத்துக்கு ஒன்றாக 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய இயந்திரங்களை நடுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு பசுமை எரிசக்திக்கென்று தனிக் கழகமும் பிறந்தது. கொள்கை வந்தபின் நடந்த வாக்குவாதம் எல்லாம் ஆலை முதலாளிகள் கட்ட வேண்டிய கட்டணம் எவ்வளவு என்பதைப் பற்றி. ஒருபுறம் சங்கங்கள், மறுபுறம் வாரியம். ஊராட்சி என்ற மூன்றாம் தரப்பு அந்த அறையிலேயே இல்லை. பழைய அனுமதியில் திருத்தம் செய்வதுதான் சட்டச் சிக்கல். புதிய இயந்திரத்துக்குப் புதிய அனுமதி எழுதும்போது யூனிட் பங்கை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பதற்குத் தடை என்ன?

எரிசக்தித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. அந்தப் பேச்சைக் கோட்டையில் வைக்காமல், கயத்தாறு பக்கமோ கமுதி பக்கமோ ஓர் ஊராட்சியில் கிராம சபையைக் கூட்டி வைத்தால் நல்லது. ஊர்க்காரர்கள் முதலில் பைசாவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். வேலி போட்டபோது அடைபட்ட கண்மாய் வரத்துக்காலைத் திறந்துவிடுவது எப்போது, ஆடு மாடு போகிற பாதை எது, ஐடிஐ முடித்த பையனுக்கு வாட்ச்மேன் வேலை தவிர வேறு உண்டா என்றுதான் தொடங்குவார்கள். அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும், 5 பைசாவா 10 பைசாவா என்ற பேரம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.